அப்பிரகம் பார்த்த விரல்

கீமோ முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எல்லோரும் என் தலையைத்தான் பார்த்தார்கள். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. அதற்கு மேல் ஒரு காட்டன் ஸ்கார்ஃபைச் சுற்றியிருந்தேன். "பரவால்ல, நல்லா வளந்துட்ச்சி" என்று வாட்ச்மேன் தொடங்கி பேக்கிங் பெண்கள் வரைக்கும் சொல்லிவிட்டார்கள். என் விரலை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது, வெளியிலிருந்து அது பழைய விரலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுப்பது தலைக்கு இல்லை, விரலுக்கு.

மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இந்தப் பக்கம் லேத் பட்டறை, அந்தப் பக்கம் முலாம் பூசுகிற இடம், நடுவில் ஆயுர்வேத மருந்து. அவர்கள் இருவரும் உலோகத்தை உலோகமாகவே வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். நாங்கள் அதை உலோகம் இல்லாமல் ஆக்கிப் பிழைக்கிறோம். இரும்பு, செம்பு, அப்பிரகம் எல்லாம் எங்களிடம் பஸ்மமாகும், அதாவது மருந்துப் பொடியாகும். அப்பிரகம் என்றால் மைக்கா. பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே தகடு தகடாக மினுங்குமே, அதேதான். மருந்துக்கு எடுப்பது கருப்பு.

அந்தக் கருப்பு அப்பிரகத்தை முதலில் நெருப்பில் சிவக்கக் காய்ச்சிப் பாலில் போடுவோம். சுர்ரென்று ஒரு சத்தம், கூடவே ஒரு நாற்றம். மறுபடி காய்ச்சி மறுபடி பால். இப்படிச் சுத்தம் செய்வதற்குச் சுத்தி என்று பெயர். பிறகு அதை நெல்லோடு சேர்த்துத் துணி மூட்டையாகக் கட்டி, புளித்த கஞ்சியில் ஊறப்போட்டு, கையால் கசக்க வேண்டும். நெல்லின் முனை பட்டு அப்பிரகம் பொடிப்பொடியாக உதிர்ந்து, துணிக் கண் வழியாகக் கஞ்சியில் இறங்கும். அந்த வேலை செய்கிற நாளில் முழங்கை வரைக்கும் ஜிகினா ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறாள் இவள் என்பதுபோல் பார்ப்பார்கள்.

அடியில் தங்கியதைக் காயவைத்து, எருக்கிலைச் சாறு விட்டுக் கல்வம் என்கிற கல் குழியில் அரைத்து, வில்லையாகத் தட்டி உலர்த்துவோம். வில்லைகளை ஒரு மண் அகலில் அடுக்கி, இன்னொரு அகலைக் கவிழ்த்து மூடி, களிமண் பூசிய துணியால் வாயைச் சுற்றி ஒட்டினால் அது நெருப்புக்குத் தயார். முன்பெல்லாம் குழி வெட்டி வறட்டி அடுக்குவார்களாம். எங்களிடம் இருப்பது கரண்ட் உலை. ஒரு முறை வைத்து எடுத்தால் ஒரு புடம். எடுத்து உடைத்து, மறுபடி சாறு, மறுபடி அரைப்பு, மறுபடி புடம். ஒவ்வொரு புடத்துக்கும் மினுக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கருப்பு போய்ப் பழுப்பாகி, கடைசியில் செங்கல் பொடி நிறத்துக்கு வரும். மினுக்கு ஒரு துளி மிச்சமிருந்தாலும் அது இன்னும் கல்தான், உடம்புக்குள் போனால் கெடுதல்தான் என்பது எங்கள் கணக்கு.

புடத்துக்கும் புடத்துக்கும் நடுவில்தான் என் வேலை. அகலைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஆரம்பத்தில் நறநறவென்று மணல். போகப் போக மாவு. கடைசியில், இரண்டு விரலுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்பதே தெரியாது. விரலை விரித்துப் பார்த்தால் ரேகை முழுக்கச் சிவப்பு ஏறியிருக்கும், கழுவினாலும் சட்டென்று போகாது. அதுதான் பக்குவம். நல்ல பஸ்மம் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. "ஒண்ணும் தெரியல மேடம்!" என்று நான் கத்தினால் அன்றைக்கு அந்தப் பிரிவில் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வரும். அதற்குப் பிறகுதான் வெயிலில் பிடித்து மினுக்குப் பார்ப்பதும், தண்ணீரில் தூவி மிதக்கிறதா என்று பார்ப்பதும், மிதக்கிற பொடிமேல் ஒரு அரிசியை வைத்து அது முழுகாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும், வெளி லேபுக்கு அனுப்புவதும். முதல் வார்த்தை என் விரலுடையது.

இந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் அறிவெல்லாம் இல்லை. மற்றவர்கள் கை களிமண்ணிலும் கல்வத்திலும் காய்த்துப்போயிருந்தது. நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், கை மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான். அகலுக்குக் களிமண் துணி ஒட்டுகிறவள் பூந்தமல்லியிலிருந்து வருகிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே பெஞ்சில்தான் சாப்பாடு. "ராணி மாரி கீறமா நீ. தொட்டுப் பாத்து சொல்றதுக்கு ஒரு சம்பளம்" என்பாள். நானும் ராணி மாதிரிதான் இருந்தேன். பாத்திரம் தேய்க்க வீட்டில் கையுறை வாங்கி வைத்திருந்தேன். குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "இன்னா, ஊட்லயும் ஆபரேஷன் பண்றியா?" என்று கிண்டல் பண்ணுவார்.

அந்த வாய் முகூர்த்தமோ என்னவோ, நிஜமாகவே ஆபரேஷன் வந்தது. சினைப்பையில் கட்டி. எடுத்தார்கள், பிறகு கீமோ. முதல் நாள் டாக்டர் கேட்டார், "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"செய்யறேன் சார். சாப்பிடறதில்ல."

என்ன செய்கிறேன் என்று சொன்னேன். "அதெல்லாம் இப்ப தொடவே கூடாது. கிட்னி தாங்காது" என்றார்.

"தொடறதுதான் சார் என் வேலையே."

அவர் சிரித்துவிட்டார். சின்ன வயசு டாக்டர். தொங்குகிற பாட்டிலைக் காட்டி, "இதுல இருக்கறதும் ஒரு உலோகம்தான், தெரியுமா? பிளாட்டினம்" என்றார். பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணி மாதிரி இருக்கே என்றேன். வேறு பொருள்களோடு சேர்ந்து மாறிவிட்டது, இனி அதை உலோகம் என்று பார்க்க முடியாது என்று ஏதோ விளக்கினார். எங்கள் கம்பெனியில் விருந்தாளி வந்தால் நாங்கள் சொல்கிற அதே பேச்சு. எத்தனை புடம் போட்டார்களோ என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போது அவர் எதற்கும் சிரிக்கிற நிலையில் இல்லை.

கம்பெனியிலிருந்து ஆளாளுக்கு யோசனை வந்தது. அந்த லேகியம் தெம்பு கொடுக்கும், இந்தப் பஸ்மம் ரத்தம் ஊறவைக்கும் என்று. எங்கள் மேடம் ஒருத்திதான் போன் பண்ணி, "அக்கா, நம்ம மருந்து எதையும் வாயில வைக்காதீங்க. டாக்டர் சொல்றத மட்டும் கேளுங்க" என்றாள். ஆயுர்வேதம் படித்துவிட்டுத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து முகப்பேரில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிற பெண். அவள்தான் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கீமோவில் வாயெல்லாம் இரும்பு ருசி. சோறு இரும்பு, தண்ணீர் இரும்பு, என் எச்சிலே இரும்பு. நாக்கில் வைத்தால் உலோக ருசி தெரியக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சையில் டாக்டர் மருந்து ஃபெயில் என்று நினைத்துக்கொண்டேன். பூந்தமல்லிக்காரி தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். அது மட்டும்தான் உள்ளே இறங்கியது.

பாதி கீமோவில் விரல் நுனி மரத்தது. முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, பிறகு எறும்பும் போய்விட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வெங்காயம் சிவப்பாவதைப் பார்த்துத்தான் விரல் வெட்டுப்பட்டதே தெரிந்தது. டாக்டர், "நரம்பு. சிலருக்கு திரும்பி வரும், சிலருக்கு வராது. பாப்போம்" என்றார். மருத்துவத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை 'பாப்போம்'.

விரல் மட்டும் மரத்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கடைசி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்று வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குந்தி உட்கார்ந்து அழுதார். நான் அவர் சட்டைக் காலரில் இருந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போடாதே என்று சொன்னால் கேட்கிறாரா என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியும், எங்கே இருக்கிறது அது என்றுதான் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி, "பழையபடி ஆயிட்டியாமா?" எனக்கு எரிச்சலாக வரும். செம்புப் பஸ்மத்தை நெய், தேன், வெங்காரம் எல்லாம் கலந்து மறுபடி காய்ச்சிப் பார்ப்போம். அதில் ஒரு பொட்டுச் செம்பு திரும்பி வந்துவிட்டாலும் அந்த மருந்து தேறவில்லை என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் பழையபடி ஆவது தோல்வி. இதை அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "ஆயிட்டேன்" என்று சொல்லிவிடுவேன்.

வேலைக்குப் போனது இதனால்தான். அங்கே போனால் விரல் தானாக ஞாபகம் வந்து எழுந்துகொள்ளும் என்று நினைத்தேன். அந்த இடமும் போய்விட்டால் நான் யார் என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் நாளே அப்பிரகம் வந்தது. பழுப்பு நிறம், பாதி வழியில் இருந்தது. மேடம் பக்கத்தில் நின்றாள். சிட்டிகை எடுத்தேன். எடுத்தேன் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தேய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் எந்த அடையாளத்தை வைத்துப் பக்குவம் என்று கத்தினேனோ, அதே அடையாளம். நிறத்தைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் இன்னும் ஆகவில்லை என்று. விரலுக்கோ கடைசிப் புடம் மாதிரி இருந்தது.

"எப்படி இருக்குக்கா?"

"இன்னும் புடம் வேணும்" என்றேன். நிறத்தை வைத்துச் சொன்னேன், சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். ஒரு புடம் அதிகமானால் கெட்டுப்போகாது, கரண்ட் பில்தான் ஏறும். இரும்புக்கும் அதே பதில், செம்புக்கும் அதே பதில். "அக்கா வந்ததும் ஸ்ட்ரிக்ட் ஆயிட்டாங்க" என்று மேடம் மெச்சிக்கொண்டாள். தினமும் காலையில் பஸ்ஸில் சீட்டைப் பிடித்தபடி விரலைக் கம்பியில் தேய்த்துப் பார்ப்பேன். கம்பி இருக்கும். விரல் இருக்காது.

அந்த விரலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உலையைத் திறந்ததும் அகலை நான்தான் முதலில் தொடுவேன். ஆறிவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பொடியைத் தொடுகிறவள் அகலைத் தொடட்டும் என்று எப்படியோ பழக்கமாகிவிட்டது. இடுக்கி ஒன்று ஆணியில் தொங்கும். நான் சொன்ன பிறகு அதை எவரும் எடுப்பதில்லை.

ஒரு நாள் முந்தின சாயங்காலம் கரண்ட் போய், உலை தாமதமாகத்தான் ஓடியிருக்கிறது. காலையில் மறுபடி கரண்ட் இல்லை. உலையின் முகப்பில் சூடு காட்டுகிற சிவப்பு எண்கள் அணைந்து கிடந்தன. கத்திரி வெயில், மேலே தகரக் கூரை, அந்த அறையே ஓர் உலைதான். அதில் எந்தச் சூடு எதிலிருந்து வருகிறது என்று முகத்துக்கும் தெரியவில்லை. பூந்தமல்லிக்காரி கதவைத் திறந்தாள். நான் அகலைத் தொட்டேன், எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஆறிட்ச்சி" என்றேன்.

அவள் அடுத்த அகலை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"யா அல்லா!"

அகல் கீழே விழுந்து உடைந்தது. அவள் குழாய்க்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள், "தொட்டுப் பாத்துட்டு தானமா சொன்ன? கொதிக்குது! இன்னா வெளாட்றியா?"

அவள் பார்வை என் கைக்கு வந்தது. என் விரல் நுனிகள் வெளுத்து, அவள் விரல் மாதிரியே உப்பத் தொடங்கியிருந்தன. ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் வைத்தாள்.

"உனுக்கும் பொத்துட்ச்சே. வலிக்கல?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

"கீமோலேர்ந்து."

வாயை மூடிக்கொண்டாள். இருவரும் ஒரே குழாயில் நான்கு கையை வைத்துக்கொண்டு நின்றோம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. என் கை பொத்துப்போனதற்கு இல்லை, அதைப் பார்த்து அவள் கோபத்தை விழுங்கியதற்கு. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். "முதல்லயே சொல்லிருக்கலாம்லா அக்கா" என்றாள். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. விரல் சரியாகும் வரை லேபிள் பக்கம் உட்காருங்கள் என்றாள். அந்த 'வரை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லேபிள் பக்கம் உட்கார்ந்தேன்.

பூந்தமல்லிக்காரிக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. "செத்த தோலு போவுது இல்ல? புச்சா வர்ற தோல்ல உணர்ச்சி வரும் பாரேன். நான் தெனம் துவா கேட்டுகினு கீறேன்." நரம்பு உள்ளே இருக்கிறது, தோலில் இல்லை என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் விரலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கொப்புளம் வற்றியது, தோல் உரிந்தது, அடியில் குழந்தைத் தோல் மாதிரி ரோஸ் நிறம் தெரிந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி. வருஷக்கணக்காகக் களிமண்ணில் காய்த்திருந்த அவள் விரல் நுனி எங்கே போனது என்றே தெரியவில்லை. "டீ கிளாஸ் புடிக்க முட்லமா, அப்டி சுடுது" என்று துப்பட்டா முனையால் பிடித்துக் குடித்தாள். எனக்கு டீ கிளாஸ் சுடவில்லை. இன்னும் கொஞ்சம் நாள் ஆகட்டும் என்று இருந்தேன்.

அடுத்த அப்பிரகம் பாதி வழிக்கு வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டாள். "பாக்கறீங்களாக்கா?" பூந்தமல்லிக்காரியும் கூடவே வந்தாள். ஒரே அகலிலிருந்து நான் ஒரு சிட்டிகை, அவள் ஒரு சிட்டிகை. நான் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன்.

பக்கத்தில் அவள், "ஐய, மணலு கீது மேடம்! குத்துது!" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உனுக்கு?"

எனக்கும் மணல்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. பதிலைத்தான் அவளே சொல்லிவிட்டாளே. ஆனால் குழாயடியில் நின்ற அந்த நான்கு கை ஞாபகம் வந்தது.

"எனக்கு வரல" என்றேன். "இனிமே அவளே பாக்கட்டும் மேடம்."

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். என்னால் வெந்துபோன கையைப் பார்த்து, அது வலித்ததைப் பார்த்து, எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். ஸ்கேன் நல்லபடியாக வந்த அன்று வராத அழுகை, முடி கொத்தாகக் கையோடு வந்த அன்றும் வராத அழுகை, ஒரு சிட்டிகை மைக்காவுக்கு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

இப்போது அவள் கையை மேடம் களிமண்ணில் வைக்க விடுவதில்லை. பாத்திரம் தேய்க்க என் வீட்டுக் கையுறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், நீதான் இனி ராணி என்று சொல்லி. அகலுக்குத் துணி ஒட்டுவது என் வேலை. ஒட்டு சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு விரல் தேவையில்லை. மேடம் உலைக்குப் பக்கத்தில் இடுக்கியைக் கட்டாயம் ஆக்கிவிட்டாள். டாக்டர் இன்னும் பாப்போம் என்கிறார்.

அந்த அப்பிரகம் செங்கல் நிறத்துக்கு வந்த அன்று நான் அகல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லிக்காரி மேடத்திடம் போகாமல் நேராக என்னிடம் ஓடிவந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியபடியே இருந்தன. என் முகத்துக்கு நேராக வைத்து மெதுவாகத் தேய்த்தாள்.

"ஒண்ணும் தெரியலமா!" என்றாள். "சத்தியமா, ஒண்ணுமே தெரியல!"

முகமெல்லாம் சிரிப்பு. விரலை விரித்துக் காட்டினாள். ரேகை முழுக்கச் சிவப்பு. அந்த வார்த்தையை நானும் ஒரு காலத்தில் இவ்வளவு சந்தோஷமாகத்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஓடு, மேடத்துகிட்ட சொல்லு" என்றேன். "எனக்கு ரெண்டு பஜ்ஜி."